கீரி நுழையாத வேலி

வேலி கட்டி முடித்ததும் அமல்ராணி அதன்மேல் முதுகைச் சாய்த்து இரண்டு தரம் எம்புவாள். கம்பி வலை கிறீச்சிட்டு அவளை முன்னால் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் வேலியில் தொய்வு இருக்கிறது என்று பொருள். அந்த வரிசையை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டச் சொல்வாள். நிலத்துக்காரர், "போதும்மா, நல்லாத்தானே இருக்குது" என்று கெஞ்சினாலும் விட மாட்டாள். "உங்க கண்ணுக்கு நல்லா இருக்குது. எம் முதுவுக்கு நல்லா இல்லியே" என்பாள். நல்ல கனத்த உடம்பு. அந்த முதுகைத் தாங்கிய வேலியைக் காட்டுப்பன்றி முட்டிச் சாய்த்ததாக இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் புகார் சொல்லி வந்ததில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டிலிருந்து திண்டிவனம் போகிற வழியில், ஒரு பரோட்டாக் கடைக்கும் லாரிப் பஞ்சர் கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய பட்டறை. தகரக் கூரை. உள்ளே கம்பி பின்னுகிற மெஷின், பகலெல்லாம் தடதடக்கும். வெளியே அவள் கணவர் சவுரிராயன் வார்த்துப் போட்ட சிமெண்ட் கம்பங்கள் வெயிலில் காயும். சவுரிராயன் அதிகம் பேச மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அமல்ராணியே பேசிவிடுவதால் அந்தக் குடும்பத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மெஷின் சத்தத்துக்கும் லாரி ஹாரனுக்கும் மேலே பேசிப் பேசி அவள் குரல் அந்த உரத்திலேயே நின்றுவிட்டது. சர்ச் பூசையில் மைக் மக்கர் பண்ணுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகம் வாசிக்க அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம்தான் உட்காருவாள். பக்கத்தில் இருப்பது யாரானாலும் சரி, வழியிலுள்ள அத்தனை வேலிக்கும் மார்க் போட்டுக்கொண்டே வருவாள். "அத்தப் பாருங்க, வேலின்னு சொல்லித் தூளி கட்டி வச்சிருக்கான். குழந்தயப் போட்டு ஆட்டலாம்." அவளுக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். கம்பம் நடுவதற்கு முன் நைலான் நூல் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். வழியில் பாறை இருந்தால் பாறையைத்தான் உடைப்பாள், நூலை நகர்த்த மாட்டாள். "பங்குச்சாமியே வந்து குறுக்க நின்னாலும் நூலு நேராத்தான் போவும்" என்று ஒரு தடவை பங்குச்சாமியிடமே சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய வேலிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மற்றவர்கள் வலையைத் தரைமட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாய் இரண்டே நாளில் அடியில் பறித்துக்கொண்டு உள்ளே போய்விடும். அமல்ராணி ஓரடி ஆழத்துக்குக் கால்வாய் பறித்து, வலையின் அடியை மண்ணுக்குள் இறக்கி, மேலே சிமெண்ட் கலவை கொட்டி மூடுவாள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் இதே தொழில் செய்கிற சீனுவாசனுக்கு இது பெரிய வேடிக்கை. "யம்மா, நீ வேலி போடுறியா, மாடி வூட்டுக்குக் கடகால் போடுறியா?" என்று கத்துவார். வருகிற கிராக்கியிடம் அமல்ராணி அதையே பெருமையாகச் சொல்வாள். பேச்சின் முடிவில் ஆமென் சொல்வதுபோல ஒரு வாக்கியம் வரும். "கீரிப்புள்ள கூட நுழையாது. நுழைஞ்சா வந்து என்னக் கேளுங்க." அவள் பிழைப்பே அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

வேங்கடேசனும் அந்த வாக்கியத்தை நம்பித்தான் போன வருடம் வேலி போட்டார். அவர் நிலம் பனமலைப் பக்கம். ஒருபுறம் பாறையும் முள்ளும் மண்டிய சின்னக் கரடு, மறுபுறம் ஏரி. கரட்டிலிருந்து இறங்குகிற ஓடை அவர் நிலத்தை ஊடறுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறது. மழைக்காலத்தில்தான் அதில் தண்ணீரைப் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் காரையும் ஈச்சம்புதரும் சூரைமுள்ளும் அடைத்துக்கொண்டு கிடக்கும். நிலத்தைச் சுற்றி முன்பு கிளுவை வேலி இருந்தது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடச் சொன்னார். நூல் பிடித்த அமல்ராணி, ஓடையென்று ஒன்று இருப்பதாகவே கண்டுகொள்ளவில்லை. கரட்டுப் பக்கம் ஓரிடத்திலும் ஏரிப் பக்கம் ஓரிடத்திலும் ஓடையின் குறுக்காக வேலி நேரே ஓடியது. பன்றி வருவது நின்றது. வேங்கடேசனுக்கு ஏக சந்தோஷம். கரட்டுப் பக்கம், ஓடையோரம் இருக்கும் தன் கேட்டிலேயே அவளுடைய பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளச் சொன்னார். அதிலிருந்து யார் வேலி கேட்டு வந்தாலும் அமல்ராணி அவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

அடுத்த மல்லாட்டைப் போகத்தில், கடலை முற்றுகிற சமயம், அவரிடமிருந்து போன் வந்தது.

"ராணிம்மா, பன்னி வர்ல. எலி தின்னுது. இம்மாம் எலிய நான் பாத்ததே இல்ல. செடியப் புடுங்குனா வெறுந்தோலுதான் வருது. ஒன் வேலி போட்டதுல இருந்துதான் இந்தப் பேஜாரு."

"எலிக்கு நான் கேரண்டி குடுத்தனாண்ணே? வலைக்கு ரெண்டு இஞ்சு கண்ணு. எலி அதுல கல்யாண ஊர்வலமே போவும்."

"அதத்தான் நானும் சொல்றேன். எலி போவுது. எலியத் திங்கிறது போவலியே."

அமல்ராணி மெஷினை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினாள். பட்டறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இந்த விஷயத்தில் பிரின்சி வந்து சேர்ந்தது இப்படித்தான். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறாள். அமல்ராணியின் பங்குக் கோயிலைச் சேர்ந்தவள், அதனால் உரிமையோடு 'யக்கா' என்பாள். சின்னப் பிராணிகள் ஒரு புதர்க்காட்டிலிருந்து இன்னொன்றுக்கு எந்த வழியாகப் போய்வருகின்றன, வழி அடைபட்டால் அவற்றுக்கு என்ன ஆகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அந்தக் கரட்டிலிருந்து ஏரி வரைக்கும் ஓடையோரமாக, எதிரே ஏதாவது அசைந்தால் தானே படம் பிடிக்கிற கேமராக்களைக் கட்டி வைத்திருந்தாள். வேங்கடேசன் போனில் சொன்னதை அமல்ராணி அவளிடம் சொன்னபோது, பிரின்சி தன் செல்போனை எடுத்து ஒரு படத்தை ஓடவிட்டாள்.

பட்டப்பகல். ஓடைப் புதரிலிருந்து ஒரு கீரி வருகிறது, பின்னால் இரண்டு குட்டிகள். வேலியண்டை வந்து தாய் மூக்கால் முட்டுகிறது. சிமெண்டைப் பறிக்கப் பார்க்கிறது. வலப்பக்கம் வேலியை ஒட்டியே ஓடி, திரும்பி வந்து, இடப்பக்கம் ஓடுகிறது. குட்டிகளும் பின்னாலேயே ஓடுகின்றன. கடைசியில் மூன்றும் கரட்டுக்கே திரும்பிப் போகின்றன.

அமல்ராணி அதை இரண்டாம் முறையும் போடச் சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எப்பிடிக் கட்டியிருக்கேன் பாத்தியா? இத எனக்கு அனுப்பு பாப்பா, ஸ்டேட்டஸ் வைக்கிறேன்."

வைத்தும் விட்டாள். 'கீரிப்புள்ள கூட நுழையாது' என்று மேலே எழுதி, கீழே போன் நம்பரும் போட்டிருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் வேலி விசாரித்து இரண்டு போன் வந்தது. பிரின்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"யக்கா, அது வெளயாடிக்கினு இல்ல. தண்ணிக்கு அல்லாடிக்கினு இருக்குது. கரட்டுல இப்ப சொட்டுத் தண்ணி கெடையாது. ஏரிக்குப் போவணும்னா ரோட்டச் சுத்திக்கினுதான் போவணும். அங்க நாயி, வண்டி. போன மாசம் மொசலு அடிபட்டுக் கெடந்துது, முள்ளெலி அடிபட்டுக் கெடந்துது. எலி பெருத்ததுக்கு ஒன் வேலி மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கு வேற காரணமும் இருக்கலாம். ஆனா கீரி உள்ள போவ முடியல. அத நீயே பாத்துட்ட. ஒரு சாண் வழி வுட்டாப் போதும்க்கா."

"ஓட்ட போட்ட வேலிய எவன் வாங்குவான்?" என்றாள் அமல்ராணி.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளூர பயம். ஊரெல்லாம் சொல்லி வைத்த வாக்கியம் அது. சீனுவாசன் காதுக்குப் போனால் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு மைக் இல்லாமலே ஊருக்குச் சொல்லிவிடுவார். ஆனால் வேங்கடேசன் தினம் போன் பண்ணினார். பிரின்சியும் விடுகிறவளாக இல்லை. கடைசியில் அமல்ராணி தன் புத்தியை உபயோகித்து ஒரு வழி கண்டாள். நிலத்தின் பின்மூலையில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், வேலிக்கு அடியில் சவுரிராயன் வார்த்த சிமெண்ட் குழாய் ஒன்றைப் பதித்தாள். வேலி பார்க்க வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கீரிக்கும் வழியாச்சு, தன் பெயருக்கும் பழுதில்லை என்று அவளுக்கு ரொம்பத் திருப்தி. பிரின்சி அங்கேயும் ஒரு கேமரா கட்டினாள்.

அந்தக் குழாயில் முதலில் நுழைந்தது வேங்கடேசனின் கோழி. பிறகு அவருடைய நாய் அதன் வாயில் படுத்துத் தூங்கியது. வாரக்கணக்காகக் கேமராவில் அந்த நாயும் கோழியும்தான். கரட்டிலிருந்து ஒரு ஜீவன் வரவில்லை.

"ஒன் கீரிங்கல்லாம் பெரிய எடத்துப் புள்ளைங்களா பாப்பா? வெத்தல பாக்கு வச்சு அழைச்சாத்தான் வருமா?"

"அந்த எடம் பொட்டல்க்கா. சுத்தி ஒரு செடி கெடையாது. மேல பருந்து, கீழ நாயி. மறைவு வுட்டு வெட்டவெளில எறங்க அதுக்கு எப்பிடி தைரியம் வரும்? ஓடையிலதான் முள்ளு இருக்குது. அது காலங்காலமா அந்த வழிதான் போயிக்கினு இருந்துது. வழிய ஓடையிலதான் வுடணும். கேட்டாண்ட ஒண்ணு, ஏரிப் பக்கம் ஒண்ணு."

"கேட்டாண்டயா? என் பேர் மாட்டியிருக்கிற எடத்துலயே ஓட்ட போடணுமா? முடியாது போ."

அவள் அப்படி முகத்தில் அடித்தாற்போலச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரும்பை என்கிற ஊருக்குப் பக்கத்தில் பெரிய மாந்தோப்பு ஒன்று. அதைச் சுற்றி வேலி போட, தோப்பின் மேனேஜர் தாண்டவராயன் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால் ஆறு மாதத்துக்கு வேறு கிராக்கி தேட வேண்டாம். தடதடக்கிற கிழட்டு மெஷினைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாம். அவள் வாழ்நாளில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. "வேலில ஒரு சந்து பொந்து இருக்கக் கூடாதும்மா. நீ போட்டத நேர்ல பாத்துட்டுத்தான் முடிவு சொல்வேன்" என்று தாண்டவராயன் போனில் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை வேங்கடேசன் நிலத்துக்கு வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை விடிந்ததும் அமல்ராணி சவுரிராயனோடு அவருடைய டிவிஎஸ்ஸில் ஏறிப் பனமலைக்குப் போய்விட்டாள். கேட்டருகே வலையில் சிக்கியிருந்த குப்பையை எடுத்தாள். பெயர்ப்பலகையைத் துணியால் துடைத்தாள். வேங்கடேசன் சொம்பில் காபி கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தார். மூவரும் நின்று குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கரட்டுப் பக்கம் நாய்களின் சத்தம் கேட்டது.

ஓடைப் புதரைப் பிளந்துகொண்டு கீரி வந்தது. பின்னால் குட்டிகள். அவற்றுக்குப் பின்னால் ரோட்டு நாய்கள் இரண்டு. கீரி நேரே வேலிக்கு ஓடிவந்து முட்டியது. கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டுக் கம்பங்களை ஒட்டி ஓடியது. பின்னால் வந்த குட்டிகளில் ஒன்று தாயோடு போயிற்று. இன்னொன்று எங்கே போவதென்று தெரியாமல் வலையின் ஒரு கண்ணில் தலையை நுழைத்தது. தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. அமல்ராணி வேலிக்கு மேலாகக் காபித் தம்ளரையே நாயின்மேல் விட்டெறிந்தாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அலறினாள். அவளுக்கும் குட்டிக்கும் நடுவே கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் நடுவில் அவள் கட்டிய வேலி இருந்தது. கேட்டைத் திறந்து சுற்றிக்கொண்டு சவுரிராயன் ஓடுவதற்குள் நாய் குட்டியைக் கவ்வி உதறிவிட்டது.

கல்லடி பட்டு நாய்கள் ஓடின. தாய்க்கீரி தூரத்தில் ஒரு சூரைப் புதருக்குள் இருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உயிரோடிருந்த குட்டி அதன் வயிற்றுக்கடியில் கிடந்தது. குறுக்கே வேலி இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குட்டி பிழைத்திருக்கும். அது அமல்ராணிக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. இதே கீரியைத்தானே ஸ்டேட்டஸில் வைத்து ஊருக்கெல்லாம் காட்டினோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்த குட்டியை ஒரு ஈச்சங்கீற்றில் எடுத்துப் புதருக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"கட்டர் வச்சிருக்கியா?" என்று சவுரிராயனைக் கேட்டாள்.

அவர் டிவிஎஸ் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அன்று முதல் தடவையாக வாயைத் திறந்து, "எம்மாம் பெருசு?" என்று கேட்டார்.

"ஒரு சாணு. நீ போயி ஏரிப் பக்கம் வெட்டு. ஜல்தி."

வேங்கடேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலிக்காக இத்தனை நாள் புலம்பியவர் அவர்தான். இருந்தாலும் மனுஷருக்கு அவள்மேல் இரக்கம் உண்டு.

"ராணிம்மா, அந்த ஆளு வர்ற நேரம். பாத்துட்டுப் போவட்டும், சாயங்காலம் வெட்டிக்கலாம். எலி எங்க ஓடிப்போவுது."

"சாயங்காலம் வரிக்கும் அது எங்கண்ணே நிக்கும்? நாயி திரும்பி வராதா?" என்று புதரைக் காட்டினாள். "அதுவுமில்லாம, அவரு போனப்புறம் வெட்டுனா நான் அவருக்கு ஒண்ணக் காட்டிட்டு இன்னொண்ண விக்கிறேன்னு ஆவும். பாக்கட்டும். புடிச்சா வாங்கட்டும்."

"பன்னிக்குட்டி பூந்துடாதா அதுல?"

"தாய்ப்பன்னி பூர முடியாத எடத்துல குட்டி தனியா வராதுண்ணே. வந்துச்சுன்னா போன் பண்ணுங்க, நானே வந்து தூக்கிக்கினு போறேன். நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. ஓடையில இருக்கிற முள்ளு மேல கை வைக்காதீங்க. அது இருந்தாத்தான் இந்த ஓட்டைக்கு மரியாத. இல்லன்னா அந்தப் பின்மூல கதைதான்."

வேங்கடேசன் ஓடையைப் பார்த்தார். வருகிற வைகாசியில் அதை வெட்டித் துப்புரவாக்கி மல்லாட்டை போட வேண்டுமென்று அவர் நினைத்திருந்தார். நிலத்துக்குள் முள்ளை வளர விடுகிறவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தாடையைச் சொறிந்துகொண்டார்.

"சரி போ, நான் அந்தப் பக்கம் கத்தி எடுத்துக்கினு போவல. சோம்பேறின்னு பேசுனா பேசிட்டுப் போறானுங்க."

அமல்ராணி ஓடைக்குள் இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முள்ளுக்கு நடுவே மண்டியிட்டாள். சொந்த வேலியை அவள் அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள், வெட்டியது கிடையாது. முதல் கம்பியில் கட்டரை வைத்து அழுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். டக்கென்று அது துண்டானதும் இழுத்துக் கட்டிய வலை இரு பக்கமும் விலகியது. பிறகு கை தானாக ஓடியது. தரையை ஒட்டி ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம். சுற்றிலும் வலை தளராமல் இருக்க, தடித்த கம்பி ஒன்றை வளைத்துச் சட்டம்போல வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினாள். குறுக்கே நின்ற முள்ளை ஓட்டைக்கு இருபுறமும் ஒதுக்கி வைத்தாள். ஏரிப் பக்கமிருந்து, "ஆச்சு" என்று சவுரிராயனின் குரல் வந்தது.

கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கிப் பெயர்ப்பலகையைப் படித்தார். வேலியை ஓர் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர் கண் ஓடைக்கு வந்ததும் நின்றது. "நான் தாண்டவராயன். இன்னாங்க இது, வேலி போட்ட அம்மா எங்க?" என்று கேட்டார். வேங்கடேசன் ஓடையைக் காட்டினார்.

"வந்துட்டேன்னு சொல்லுங்கண்ணே. ஒரு நிமிஷம்" என்றாள் அமல்ராணி, எழுந்திருக்காமலே.

சேலைக்கு மேலே போட்டிருந்த சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள். வெறுங்கையை அந்த ஓட்டைக்குள் விட்டு, உள்கையின் மெல்லிய பக்கம் படும்படி விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். மேல்புறம் ஓரிடத்தில் கம்பி முனை குத்தி ரத்தம் துளிர்த்தது. கையை எடுத்து, குறடால் அந்த முனையை வெளிப்பக்கமாக மடக்கி அழுத்திவிட்டு, மறுபடி அதே கையை உள்ளே விட்டு முதலிலிருந்து தடவிப் பார்த்தாள்.